தங்கனுக்கு யார் அழுதார்கள்

‘காதல் தி கோர்’ என்ற மலையாளப் படத்தைப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. படம் பிடிக்காதவர்களோடு அல்ல. அவர்களோடு பேசுவது எளிது. பாராட்டுகிறவர்கள்தான் பேச்சைத் தொடங்கிய சற்று நேரத்திலேயே மம்முட்டியின் துணிச்சலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்; வந்து சேர்ந்த பிறகு அங்கிருந்து நகர்வதில்லை. 72 வயதில், இத்தனை பெரிய நட்சத்திரமாக இருந்துகொண்டு, ஓர் ஆணை நேசிக்கும் ஆணாக நடிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று வியக்கிறார்கள். இதே மம்முட்டி ‘விதேயன்’ படத்தில் ஊரையே அடிமையாக வைத்திருக்கும் கொடியவனாக நடித்திருக்கிறார். ‘புழு’ படத்தில் சாதி வெறியில் உடன்பிறந்த தங்கையையும் அவள் கணவனையும் கொல்கிறவனாக நடித்திருக்கிறார். அவற்றை நடிப்பு என்றுதான் சொன்னார்கள், துணிச்சல் என்று யாரும் சொல்லவில்லை. கொலைகாரனாக நடிப்பதில் ஒரு நடிகனின் பெயருக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது என்பதும், இன்னோர் ஆணைக் காதலிப்பவனாக நடிப்பதில் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பதும் அந்தப் பாராட்டுக்கு அடியில் கிடக்கின்றன. புகழ்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் புகழ்கிறார்கள் என்பதால் இதை எடுத்துச் சொல்வதும் சங்கடமாக இருக்கிறது.

படம் 2023 நவம்பர் 23 அன்று வெளியானது. நான் அதைக் கோவையில் ஒரு மாலைக் காட்சியில் பார்த்தேன். கோவையில் மலையாளப் படங்களுக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர்கள், கல்லூரி விடுதி மாணவர்கள், நல்ல மலையாளப் படம் என்றால் தவறவிடாத தமிழர்கள் ஆகியோர் சேர்ந்த கூட்டம் அது. அன்று ஜோதிகாவுக்காக வந்த குடும்பங்களும் சேர்ந்திருந்தன. கதை என்ன என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குவைத்திலும் கத்தாரிலும் படத்துக்குத் தடை என்ற செய்தியே கதையைச் சொல்லிவிட்டிருந்தது. தெரிந்தேதான் வந்திருந்தார்கள். குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது கேலிச் சிரிப்பை. நீதிமன்றத்தில் தன்பாலீர்ப்பைக் குறிக்கும் அந்தச் சொல் முதன்முறையாக உச்சரிக்கப்படும்போது எங்கிருந்தாவது ஒரு கனைப்பு, ஒரு விசில் வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அரங்கம் பெரும்பாலான நேரம் அமைதியாக இருந்தது. இரண்டு இடங்களில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

அந்தச் சிரிப்பை எதிர்பார்த்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்த் திரையரங்குகளில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சிரிப்பு பழக்கமானது. நகைச்சுவை நடிகர் இன்னோர் ஆணின் தோளில் சாய்ந்தால் போதும், சிரிக்க வேண்டும் என்று அரங்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006இல் ‘வேட்டையாடு விளையாடு’ வந்தபோது, கொலைகாரர்கள் இருவரின் உறவைப் பற்றிக் காவல் அதிகாரி ஏளனமாகக் கேட்கும் இடத்தில் கைதட்டல் எழுந்ததைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் செய்த கொலைகளுக்குக் கிடைக்காத வெறுப்பு அந்த ஒற்றைக் கேள்வியில் திரண்டு வந்தது. மலையாளிகள் இந்த விஷயத்தில் நம்மைவிட மேம்பட்டவர்கள் என்ற எண்ணமும் எனக்கு இல்லை. 2013இல் ரோஷன் ஆண்ட்ரூஸ் இயக்கிய ‘மும்பை போலீஸ்’ படத்தில், பிரித்விராஜ் நடித்த காவல் அதிகாரிக்கு ஓர் ஆண் துணை உண்டு என்பது வெளிப்படும் காட்சியில் அரங்கில் கூச்சல் கிளம்பியதைக் கேரள நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்திலும் அந்த உறவு கதையின் இறுதி முடிச்சாகவும் கொலைக்கான காரணமாகவும்தான் வருகிறது. காதலாக வருவதில்லை.

பிறகு பத்தாண்டுகளில் என்ன நடந்தது? காலம் மாறிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து மனம் ஒப்பிய தன்பால் உறவை விடுவித்தது. ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, அதாவது இந்தப் படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. நாடு திறந்த மனதோடு காத்திருந்தது, அப்போது படம் வந்தது என்று சொல்ல இந்தத் தேதிகள் இடம் தருவதில்லை. கோவை அரங்கில் என்னைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோரிடம் தன்பாலினத் திருமணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் ஆகாது என்றே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆகாது என்று சொல்லக்கூடியவர்கள் ஏன் அழுதார்கள் என்பதுதான் எனக்குத் தீராத கேள்வியாக நின்றது.

குடும்பத்தின் வழியே வந்த கண்ணீர்

படத்தின் கதை கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயில் நடக்கிறது. மம்முட்டி நடிக்கும் மாத்யூ தேவஸி உள்ளாட்சி இடைத்தேர்தலில் இடதுசாரி வேட்பாளராக நிற்கிறார். அதே சமயத்தில் அவர் மனைவியாக ஜோதிகா நடிக்கும் ஓமனா, கணவர் தன்பாலீர்ப்பாளர் என்றும், தங்கன் என்பவரோடு அவருக்கு உறவு உண்டு என்றும் சொல்லி விவாகரத்து கேட்டு வழக்குத் தொடுக்கிறார். வழக்கு நடக்கும் காலம் முழுவதும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இந்த அமைப்பின் சாமர்த்தியம் எனக்கு இரண்டாவது முறை பார்த்தபோதுதான் முழுமையாக விளங்கியது. ஆதர்ஷ் சுகுமாரனும் பால்சன் ஸ்கரியாவும் எழுதிய இந்தக் கதையில், பார்வையாளர் மாத்யூவிடம் போவதற்கு ஓமனா வழியாகத்தான் போக வேண்டும். 20 ஆண்டுகள் குறை எதுவும் சொல்லாமல் வாழ்ந்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கும் வயதில், போதும் என்று சொல்லும் ஒரு பெண் அவள். தென்னிந்தியப் பார்வையாளருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இவளைப் புரிந்துகொள்ள எந்தக் கொள்கையும் தேவையில்லை. வழக்குப் போட்டவளே கணவரை வெறுக்கவில்லை என்னும்போது, டிக்கெட் வாங்கி வந்தவர் வெறுப்பதற்கு முகாந்திரம் இல்லாமல் போகிறது. சிரிப்பு அங்கேயே பாதி செத்துவிட்டது.

மீதிப் பாதியை அந்த முதியவர் சாகடித்தார். ஆர். எஸ். பணிக்கர் நடித்த தந்தை தேவஸி படம் முழுவதும் பேசுவதே அரிது. வீட்டின் ஒரு மூலையில் மரச்சாமானைப் போல உட்கார்ந்திருப்பவர், நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, மருமகள் சொல்வது உண்மைதான் என்கிறார். மகனின் இயல்பு தனக்கு முன்பே தெரியும், தெரிந்தேதான் திருமணம் செய்துவைத்தேன் என்கிறார். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் எத்தனை வீடுகளில் எத்தனை விதமான பிள்ளைகளுக்குத் தாலி வாங்கப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். குடிப்பவனுக்கு, மனம் பிறழ்ந்தவனுக்கு, வேறொருத்தியை விரும்பியவனுக்கு, பெண்களையே விரும்பாதவனுக்கு என்று எல்லோருக்கும் நாம் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்துக்கு ஒரு பெண்ணின் பெயரும் முகவரியும் இருக்கும். கோவை அரங்கில் அந்தக் காட்சியில்தான் ஒலி முற்றிலும் நின்றது. எனக்கு முன்வரிசையில் மனைவியோடு வந்திருந்த, அறுபதைத் தாண்டிய ஒருவர் அதுவரை பாப்கார்ன் பொட்டலத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைக் காலடியில் வைத்துவிட்டுப் பிறகு எடுக்கவேயில்லை. அவருக்கு என்ன நினைவு வந்தது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் காட்சி யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது காதலர்களுக்காக எழுதப்பட்டதல்ல, காதலர்களைப் பெற்றவர்களுக்காக எழுதப்பட்டது.

அப்படியானால் பார்வையாளர் ஏற்றுக்கொண்டது எதை? தலைப்பில் காதல் என்று இருக்கிறதே தவிர, மாத்யூவும் தங்கனும் உட்கார்ந்து பேசும் காட்சி என்று சொல்லத்தக்க ஒன்று படத்தில் ஏறக்குறைய இல்லை. தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறார்கள், அதோடு சரி. இவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், எதைப் பார்த்து ஒருவரையொருவர் விரும்பினார்கள், கோபம் வந்தால் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஓர் ஆணும் பெண்ணும் காதலிக்கும் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருந்திருந்தால், திரைக்கதையில் ஓட்டை என்று முதல் நாள் இரவே சொல்லியிருப்போம். இங்கே அதைக் கண்ணியம் என்று சொன்னோம்.

அம்மச்சி சொன்னது

2024 ஜனவரியில் படம் அமேசான் பிரைமில் வந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் வீட்டில் அதை மீண்டும் பார்த்தேன். அவர் கேரளத்தின் பாலா ஊர்ப் பக்கத்துச் சிரியன் கிறித்தவர். குளிர்காலத்துக்கு அவரிடம் வந்து தங்கியிருந்த அவருடைய அம்மா, அவர் வார்த்தையில் அம்மச்சிதான் அன்றைய நிகழ்ச்சிக்குத் தலைமை. தீக்கோய் அவர் பிறந்த வீட்டுக்கு அருகில் என்பதால், முதல் அரை மணி நேரம் கதையைவிடச் சாலை வளைவுகளையும் ரப்பர் தோட்டங்களையும் அடையாளம் காண்பதிலேயே கழிந்தது. தேர்தல் சுவரொட்டியில் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. வழக்கு விவரம் வெளியானபோது சிரிப்பு நின்றது; திகைப்பும் இல்லை. நண்பர்தான் அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேவஸி சாட்சி சொல்லி முடித்ததும் அம்மச்சி ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். பிடிக்காமல் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, “மோனே, அந்த அப்பச்சன் கூண்டில் ஏறாமலே கண்ணை மூடியிருந்தால் அந்தப் பெண் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?” என்று கேட்டார். பிறகு, கேட்காமலே, அவருடைய இளமைக் காலத்தில் ஊரில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்குப் பெண் பார்த்தபோது பக்கத்து ஊர்களை எல்லாம் விட்டுவிட்டு, மலையைத் தாண்டி வெகு தூரத்தில் இருந்து பெண் எடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரி என்றால் அவள் வீட்டாருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? “கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். விருந்து நன்றாக இருந்தது” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் தழுதழுப்பு எதுவும் இல்லை. ஒரு கணக்கை ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார். அந்தப் பெண் பிறகு என்ன ஆனார் என்று நண்பர் கேட்டார். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருவாள், யாரோடும் அதிகம் பேசமாட்டாள் என்று பதில் வந்தது. படத்தை மறுபடி ஓடவிட்டோம்.

நான் அதுவரை பார்வையாளரின் கண்ணீரைப் பரிவு என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பரிவு உண்மையா போலியா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அம்மச்சியின் பேச்சுக்குப் பிறகு அந்த எடைக்கல்லே பொருந்தாததாகத் தோன்றியது. படத்தில் தீக்கோய் ஊருக்கு மாத்யூவைப் பற்றிப் புதிதாகத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை; வழக்கு அதை ஊரார் வாயில் கொண்டுவந்து வைக்கிறது, அவ்வளவுதான். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு திருமண வீட்டுக்கும் இப்படித் தெரிந்தும் தெரியாத ஒரு செய்தி உண்டு. மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாரோ ஒருவரின் கல்யாணத்தில் நாமும் மொய் எழுதியிருக்கிறோம். தேவஸி கூண்டில் ஏறியபோது அவருக்குப் பின்னால் அத்தனை மொய் எழுதியவர்களும் ஏறினார்கள் என்பதால்தான் அரங்கம் அப்படி அடங்கியது என்று நினைக்கிறேன். தன்பாலீர்ப்பை ஏற்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் அவர்கள் இறங்கவேயில்லை. ஒரு பெண்ணுக்குத் தாங்கள் செய்ததை, அல்லது செய்யப்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்ததை, அவர்கள் பார்த்தார்கள். அழுவதற்கு அது போதுமானதாக இருந்தது. இப்படிப் பார்த்தால், மாத்யூ உடைந்துபோய்த் தெய்வத்தை அழைத்துக் கதறும்போது அவர் சாய்ந்து அழ ஓமனாவின் தோள் கிடைப்பது தற்செயல் அல்ல. ஏமாற்றப்பட்டவளே ஆறுதல் சொல்லிவிட்டால், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கும் தீர்ந்தது.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. கொள்கை விளக்கம் கேட்டு மனம் மாறியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. குற்றவுணர்வால் சற்றே வழிவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். இந்தப் படத்தை இயக்கிய ஜியோ பேபி தன் முந்தைய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்திலும் இதைத்தான் செய்தார். அந்தச் சமையலறைத் தொட்டியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் எந்த வாதத்தையும்விடத் தூரம் போனது.

எந்தத் தங்கன்

படம் முடிந்ததும் அம்மச்சியிடம் தங்கனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “எந்தத் தங்கன்?” என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மாத்யூவுக்கும் ஓமனாவுக்கும் தேவஸிக்கும் மகளுக்கும் வருந்திய ஒருவருக்கு, இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த மனிதனின் பெயர் மனதில் நிற்கவில்லை.

தங்கன் ஓட்டுநர் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவன். மாத்யூவின் வீடு, நிலம், கட்சி, குடும்பப் பெயர் எதுவும் அவனுக்குக் கிடையாது. ஊரார் மாத்யூவின் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். தங்கனை முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள். அவன் வளர்க்கும் பையனும் அந்த ஏச்சில் பங்கு வாங்குகிறான். சுதி கோழிக்கோடு இந்தப் பாத்திரத்தைத் தாழ்ந்த கண்களாலும் சற்றே கூனிய தோள்களாலும் கட்டியெழுப்பியிருக்கிறார். கேரள அரசின் விருதுகளில் ‘காதல் தி கோர்’ சிறந்த படமாகத் தேர்வானபோது அவருடைய நடிப்பும் நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பைப் பெற்றது நியாயமானது. ஆனால் கோவை அரங்கில் நான் பயந்துகொண்டிருந்த சிரிப்பு, முற்றிலும் வராமல் போகவில்லை. அது வந்தது ஒரே ஒரு முறை, தங்கனைச் சாடை பேசும் இடத்தில், பின்வரிசையிலிருந்து வந்தது. மாத்யூவைப் பார்த்துச் சிரிக்கக் கூசியவர்களுக்குத் தங்கனைப் பார்த்துச் சிரிக்கக் கூச்சம் இல்லை. படம் இணையத்துக்கு வந்த பிறகு இது இன்னும் வெளிப்படையானது. இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்து நிற்கும் படம் எங்கே வந்தாலும், அதன் கீழே தங்கன் என்ற பெயரை எழுதிச் சிரிப்பது மலையாள இளைஞர்களின் பொழுதுபோக்காகிவிட்டதைக் கண்டேன். மம்முட்டி ரசிகர்களைச் சீண்டவும் அதே பெயர்தான் பயன்பட்டது. 2005இல் ‘சாந்துபொட்டு’ படத்தின் தலைப்பு, நளினமாக நடக்கும் எந்தப் பையனையும் பள்ளியில் துரத்தும் ஏச்சாக மாறியதைக் கேரளத்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அது கேலிப் படம், அதனால் கேலிப் பெயர் பிறந்தது என்று ஒதுக்கிவிடலாம். இந்த முறை ஒரு மதிப்புக்குரிய படமே புதிய கேலிப் பெயரைக் கொடுத்திருக்கிறது.

ஏன் தங்கன் மட்டும் அகப்பட்டான் என்று யோசித்தால், இரக்கம் எந்தப் பாதையில் வந்ததோ அந்தப் பாதை தங்கனின் வீட்டு வாசலுக்குப் போகவில்லை என்பதே எனக்குக் கிடைக்கும் விடை. மாத்யூ ஒருவருக்குக் கணவன், ஒருவருக்கு மகன், ஒருவருக்குத் தந்தை. அந்த உறவுகளின் விரலைப் பிடித்துக்கொண்டு பார்வையாளர் அவரிடம் போனார். தங்கன் மாத்யூவின் காதலன் மட்டுமே. காதலனாக மட்டுமே இருக்கும் ஒருவனுக்காக வருந்த வேண்டுமென்றால் முதலில் அந்தக் காதலை நம்ப வேண்டும். படமோ அதைக் காட்டவேயில்லை. கேரளத்தின் ஆண் இணையர் ஒருவர் தங்கள் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்டு 2020இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கதையில் வெட்டிவிட வந்த மனைவி இல்லை, வஞ்சிக்கப்பட்ட மகள் இல்லை. சேர்ந்து வாழ வேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய வழக்கு. ஓமனாவுக்காக அழுத அரங்கம் அவர்களுக்காக எத்தனை கைக்குட்டைகளை நனைத்திருக்கும் என்று தெரியவில்லை.

காதலைக் காட்டிய படமும் மலையாளத்தில் உண்டு. 2019இல் வந்த கீது மோகன்தாஸின் ‘மூத்தோன்’ படத்தில் லட்சத்தீவைச் சேர்ந்த அக்பராக நிவின் பாலியும், பேச முடியாத அமீராக ரோஷன் மேத்யூவும் நடித்தார்கள். அங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்படுகிறார்கள், கடலோரத்தில் நடக்கிறார்கள், தொட்டுக்கொள்கிறார்கள். இந்த இருவரும் எதைக் கண்டு மயங்கினார்கள் என்று ஒரு கணமும் சந்தேகம் வராது. டொராண்டோ திரைப்பட விழாவில் தொடங்கிய அந்தப் படத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ‘காதல்’ இழுத்துவந்ததைப் போலக் குடும்பங்களை அது இழுத்துவரவில்லை. காதலைக் காட்டிய படத்தில் காதலன் சாகிறான், காதலைக் காட்டாத படத்தில் காதலன் உயிரோடு இருந்து தேர்தலிலும் வெல்கிறான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் கேட்பது பேராசையாக இருக்கலாம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் ஏன் எல்லோரும் கிறித்தவர்கள் என்று திருச்சபைப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி தன்னைப் பேச அழைத்துவிட்டு, தான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நிகழ்ச்சியை நீக்கியதாக 2023 டிசம்பரில் ஜியோ பேபி வெளிப்படையாகச் சொன்னார். இவை எனக்கு வியப்பாக இல்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு படத்தில் எந்த நட்சத்திரம் நடிப்பார் என்று அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் மறுபடி துணிச்சல் பேச்சுதான் என்பதால் நான் அதில் கலந்துகொள்ளவில்லை.

நண்பரோடு மட்டும் இந்த விவாதம் ஓயவில்லை. படத்தில் நெருக்கமே இல்லை என்று தன்பாலீர்ப்பாளர்கள் சிலர் குறைபட்டதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். ஒரு முத்தம் இருந்திருந்தால் அம்மச்சி எழுந்து உள்ளே போயிருப்பார், தேவஸியின் சாட்சியை அவர் பார்த்தே இருக்கமாட்டார், அந்தத் தூரத்து ஊர்ப் பெண்ணின் கதை நம் காதில் விழுந்தே இருக்காது என்றார். வலுவான வாதம்தான். மாத்யூவின் கை தங்கனின் தோளில் விழுந்திருந்தால் தீக்கோயிலும் கோவையிலும் சில குடும்பங்கள் டிக்கெட் வாங்காமல் இருந்திருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அம்மச்சி எழுந்து போயிருப்பார் என்பதை மட்டும் அவர் நினைக்கும் பொருளில் நான் ஏற்கவில்லை. ஆணும் பெண்ணும் நெருங்கும் காட்சி வந்தபோதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து எழுந்து போனவர்கள்தான். பாட்டு முடிந்ததும் கதை எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தவர்களும் அவர்களே. அப்படி எழுந்து போனதால் அந்தக் காதல்களை அவர்கள் நம்பாமல் போகவில்லை. கதாநாயகியின் பெயரையும் மறந்துவிடவில்லை. மாத்யூவும் தங்கனும் அம்மச்சியை ஒரே ஒரு முறை அப்படிச் சமையலறைக்கு அனுப்பியிருக்கலாம். தேவஸி கூண்டில் ஏறுவதற்குள் அவர் வந்திருப்பார்.